ஏற்றத்துக்கு ஓர் எண், இறக்கத்துக்கு ஓர் எண்

நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த நகரில், அடுப்பில் வைத்த கேத்தல் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்திப் பிடிக்கும் காற்று இளைத்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. தேநீர் ஊற்றுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர், நான்கு பேர் என்று மூன்றரைத் தொன் எடையோடு ஒரு கேம்பர் வேன் அதே நகருக்கு ஏறி வருகிறதென்றால், அதன் ரேடியேட்டருக்குள் இருக்கும் தண்ணீருக்கு இந்த ஆறு பாகை மிகப் பெரிய விஷயம்.

வீட்டை வண்டிக்குள் வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் இலங்கையில் புதியது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் கேம்பர் வேன்கள் சில உண்டு. பழைய ஜப்பான் வேனின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்துக் கட்டில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் மலைக்கு ஆள் பார்த்துப் பழகத் தெரியாது. சித்திரை மாதத்து வசந்த காலத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வரும் வாடகை வேன், மாலையில் கொழுந்து மூட்டைகளை ஸ்டோருக்கு ஏற்றிப் போகும் தோட்டத்து லொறி, ஹட்டன் தனியார் பஸ், கேம்பர் வேன் எல்லாவற்றுக்கும் ஒரே மேடு, ஒரே பள்ளம், ஒரே வெப்பவியல்.

இன்று அந்த வண்டிகள் தம்மைப் பற்றி நிறையப் பேசுகின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் தட்டும் இடத்தில், பதினாறு ஊசித் துளைகள் கொண்ட ஒரு சொக்கெட் இருக்கும். அமெரிக்காவில் விற்கும் கார்களில் 1996 முதல் அது கட்டாயமானது. புகைக் கட்டுப்பாடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்காக வந்த ஏற்பாடு அது. ஓ.பி.டி. என்பார்கள். தீப்பெட்டி அளவிலான ஒரு புளூடூத் கருவியை அதில் செருகினால் எஞ்சின் கணினியோடு கைத்தொலைபேசி பேசத் தொடங்கிவிடும். பேச்சு என்பது வெறும் கேள்வி பதில்தான். தொலைபேசி ஓர் இலக்கத்தைச் சொல்லிக் கேட்கும். கணினி ஒரு எண்ணைத் திருப்பித் தரும். குளிரூட்டும் நீரின் வெப்பநிலைக்கான கேள்வி இலக்கம் 5. பதிலாக 0 முதல் 255 வரை ஓர் எண் வரும். அதிலிருந்து 40ஐக் கழித்தால் பாகை செல்சியஸ் கிடைத்துவிடும். 123 என்று வந்தால் 83 பாகை. உறைபனி நாட்டில் பூச்சியத்துக்குக் கீழே போகும் வெப்பத்தையும் கழித்தல் குறி இல்லாமலே சொல்லிவிடுவதற்கான எளிய வழி அது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இலக்கம் 11. எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் எண் அது. டர்போ டீசல் வண்டியைக் கொழும்பில் நிறுத்தி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் 101 கிலோபாஸ்கல் என்று காட்டும். அதே வண்டியை 1,271 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹட்டனில் நிறுத்திப் பார்த்தால் 87 அளவில் இருக்கும். நுவரெலியா பஸ் நிலையத்தருகே 81. வண்டி தன்னை அறியாமலே மலையின் உயரத்தை அளந்துகொண்டு வருகிறது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் புதிய டீசல் எஞ்சின்கள் எவ்வளவு எரிபொருள் தெளிப்பது என்று முடிவு செய்கின்றன.

பழைய எஞ்சின்களுக்கு அந்தப் புலன் கிடையாது. எந்திரப் பம்ப் வைத்த டீசல் லொறி கொழும்பில் தெளித்த அளவையே இறம்பொடையிலும் தெளிக்கும். உள்ளே போகும் காற்றோ குறைந்துவிட்டது. எரிய இடமில்லாத டீசல் கரியாகிப் பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கிறது. கம்பளையிலிருந்து மேலே ஏறும் பழைய லொறிகளின் கறுப்புப் புகைக்கு ஓட்டுநரின் கால் மட்டும் காரணமல்ல, உயரமும் ஒரு காரணம். அந்த நேரத்தில் புகைபோக்கிக்குப் போகும் வாயுவின் வெப்பமும் எகிறும். டர்போவுக்கு முன்னால் அது நீண்ட நேரம் 700 பாகையைத் தாண்டி நின்றால் டர்போவும் பிஸ்டனும் நெடுநாள் தாங்கா. ஆக்சிலேட்டரைச் சற்று விட்டு, ஒரு கியர் இறக்கினால் புகையும் வெப்பமும் சேர்ந்தே தணியும்.

கேள்வி இலக்கங்கள் நூற்றுக்கு மேல் உண்டு. தொலைபேசிச் செயலி அவற்றையெல்லாம் வட்டம் வட்டமாக, வண்ணம் வண்ணமாகத் திரையில் நிரப்பித் தரும். புதிதாகக் கருவி வாங்கியவர் பன்னிரண்டு வட்டங்களை அடுக்கிவிட்டுத்தான் ஓய்வார். மலைப்பாதையில் இது ஆபத்து. அதற்குக் காரணம் எளிய கணக்கு. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீற்றர் போகிறது. திரையில் வேண்டிய வட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து எண்ணை வாசிக்க இரண்டு விநாடி ஆகுமானால், கண்ணை மூடிக்கொண்டு 22 மீற்றர் ஓட்டியதாகும். லபுக்கலைக்குக் கீழே பல வளைவுகளுக்கு அவ்வளவு நீளம் கிடையாது.

இன்னொரு காரணம் கருவிக்குள்ளேயே இருக்கிறது. பல பழைய வண்டிகளில் அந்தச் சொக்கெட் விநாடிக்கு 10,400 துணுக்குகள் என்ற வேகத்தில்தான் பேசும். ஒவ்வொரு கேள்வியும் முடிந்த பிறகே அடுத்தது. விநாடிக்கு ஐந்தாறு பதில்தான் கிடைக்கும் என்றால், பன்னிரண்டு எண்களைக் கேட்பவருக்கு ஒவ்வொரு எண்ணும் இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். மூன்றை மட்டும் கேட்பவருக்கு மூன்றும் உடனுக்குடன் வரும். குறைவாகக் கேட்டால் நிறையத் தெரியும் என்பது இங்கே நேரடியான பொறியியல் உண்மை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டு இங்கே வந்த பழைய வேன்களில், சொக்கெட்டின் வடிவம் அதுவாகவே இருந்தும் இந்தப் பொது மொழி தெரியாதவை உண்டு. வாங்குமுன் கராஜில் ஒருமுறை செருகிப் பார்த்துவிடுவது நல்லது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என் அளவுகோல் இரண்டு. உடம்புக்குத் தெரியவருமுன் மாறுகிற எண்ணாக அது இருக்க வேண்டும். பார்த்ததும் கையாலோ காலாலோ செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் தேறாத எண் எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் மலையில் ஓட்டும்போது திரையில் இருக்கக் கூடாது. ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்றத்தில் முதலிடம் குளிரூட்டும் நீரின் வெப்பநிலைக்கு. டேஷ்போர்டிலேயே அதற்கு முள் இருக்கிறதே என்று கேட்கலாம். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் பாதையில், முள்ளையும் தொலைபேசி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டவளையை நெருங்கும்போது எண் 86, 91, 96, 99 என்று ஏறிக்கொண்டிருக்கும். முள்ளோ நட்ட நடுவில் அசையாமல் நிற்கும். முள் பழுதில்லை. அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். முள் சற்று ஆடினாலும் வாடிக்கையாளர் பயந்து கராஜுக்கு வந்துவிடுகிறார் என்பதால், ஏறத்தாழ 75 பாகையிலிருந்து 105 பாகை வரை முள் நடுவிலேயே நிற்கும்படி பல நிறுவனங்கள் அமைத்துவிட்டன. முள் எழும்போது நேரம் கடந்திருக்கும். எண்ணுக்கு மதிப்பு அதன் உயரத்தால் வருவதில்லை, அது ஏறும் வேகத்தால் வருகிறது. 98இல் நின்றுகொண்டிருக்கும் வண்டியைவிட, இரண்டு நிமிடத்தில் 88இலிருந்து 98க்குப் போன வண்டிதான் கவனிக்க வேண்டியது.

இங்கேதான் நுவரெலியாவின் 94 பாகை வந்து சேர்கிறது. ரேடியேட்டர் மூடி சாதாரண மூடியல்ல. அதற்குள் ஒரு சுருள்வில்லும் ரப்பர் வளையமும் உண்டு. வெளிக்காற்றைவிட 0.9 பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தை அது உள்ளே பிடித்துவைக்கிறது. அதனால் கொழும்பில் உள்ளிருக்கும் தண்ணீர் 119 பாகை வரை கொதிக்காது. நுவரெலியாவில் வெளிக்காற்றே குறைவு என்பதால் அந்த எல்லை 115க்கு இறங்குகிறது. நான்கு பாகை இழப்பு, தாங்கிக்கொள்ளலாம். ஆனால் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால்? கொழும்பில் எல்லை 100. நுவரெலியாவில் 94. எஞ்சின் ஒழுங்காக ஓடும்போதே அதன் நீர் 85க்கும் 95க்கும் இடையில்தான் இருக்கும். அதாவது, சில நூறு ரூபாய் மூடி ஒன்று பழுதானால், மலையுச்சியில் எஞ்சினின் சாதாரண வெப்பமே கொதிநிலையாகிவிடும். கீழே வருடக்கணக்கில் வாய் திறக்காத பழுது மேலே வந்ததும் பேசத் தொடங்குவது இதனால்தான்.

எண் ஏறினால் என்ன செய்வது? ஏசியை நிறுத்துங்கள். ஒரு கியர் இறக்குங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் தண்ணீர்ப் பம்பும் விசிறியும் வேகமாகச் சுற்றும். வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். அதற்கும் இறங்கவில்லையென்றால் ஓரம்கட்டி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் தொடாதீர்கள்: திறந்த அந்தக் கணத்தில் அழுத்தம் போய், உள்ளே இருக்கும் 110 பாகைத் தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

இந்த எண்ணுக்கும் ஒரு குருட்டு இடம் உண்டு. வெப்பத்தை அளப்பது விரல்நுனி அளவிலான ஒரு பித்தளைக் குமிழ். அதற்குள் இருக்கும் குறைகடத்தித் துண்டின் மின்தடை சூடேறச் சூடேறக் குறையும்: 20 பாகையில் இரண்டரை ஆயிரம் ஓம் அளவில் இருப்பது 80 பாகையில் முந்நூறு ஓம் அளவுக்கு வந்துவிடும். அந்தக் குமிழ் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் வெப்பத்தைச் சொல்லும். குழாய் வெடித்துத் தண்ணீரெல்லாம் வழிந்துபோய்விட்டால் அது வெறும் காற்றை அளக்கும். எஞ்சின் தகித்துக்கொண்டிருக்க எண் மெல்ல இறங்கும், ஓட்டுநர் நிம்மதியடைவார். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணு உலையில் நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். திறந்தபடியே மாட்டிக்கொண்ட ஒரு வால்வு வழியாகக் குளிரூட்டும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ வால்வு மூடியிருப்பதாகவே நினைக்க வைத்தது. மூடுவதற்கான ஆணை போனதைத்தான் அந்த விளக்கு காட்டியது, வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளும் விளக்குகளும் சேர்ந்து, வேலையில் இருந்தவர்களைத் திணறடித்தன. கடும் ஏற்றத்தில் காரணமே இல்லாமல் வெப்ப எண் இறங்கினால் சந்தோஷப்படாமல் வண்டியை நிறுத்துங்கள்.

ஏற்றத்தில் இரண்டாவது எண், தன்னியக்க கியர் வண்டிகளுக்கு மட்டும்: கியர்ப்பெட்டி ஒயிலின் வெப்பம். மேட்டில் உயர்ந்த கியரில் இழுத்துக்கொண்டே போனால் உள்ளே ஒயில் வழுக்கிச் சூடாகும். 100 பாகைக்குள் இருப்பது நல்லது, 120ஐத் தாண்டினால் ஒயிலின் ஆயுள் வேகமாகக் குறையும். சாதாரண கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடலாம்.

மூன்றாவது, பற்றரியின் வோல்ட் அளவு. எஞ்சினோடு இதற்கு என்ன சம்பந்தம்? எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பல வண்டிகளில் மின்னாக்கியையும் தண்ணீர்ப் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்த அந்த விநாடியே வோல்ட் 12.5க்கு விழும். நீர் சூடேறி எண்ணில் தெரிய இன்னும் சில நிமிடங்கள் ஆகும். மின்சார அளவொன்று வெப்ப அபாயத்தை முதலில் சொல்லிவிடுகிறது! ஆனால் இதை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. 13க்குக் கீழே போனால் ஒலி எழுப்பு என்று செயலியில் வைத்துவிட்டுத் திரையிலிருந்து எடுத்துவிடலாம். ஏர்பஸ் விமானங்களின் விமானி அறையை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்: எல்லாம் சரியாக இருந்தால் விளக்குகள் அணைந்தே இருக்கும், ஏதாவது பிசகினால்தான் ஒளிரும்.

இனி இறக்கம். நுவரெலியாவை விட்டு லபுக்கலைத் தோட்டங்களைக் கடந்து இறம்பொடை அருவிப் பக்கம் வந்து சேர்வதற்குள் வண்டி ஏறத்தாழ 900 மீற்றர் இறங்கிவிடும். மூன்றரைத் தொன் எடை 900 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 31 மெகாஜூல். நுவரெலியாக் குழாய்த் தண்ணீர் 100 லீற்றரைக் கொதிக்க வைக்க அது போதும். டயர் உராய்விலும் காற்றிலும் ஒரு பகுதி போகும். மிச்சத்தை எஞ்சின் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் விழுங்க வேண்டும். வேறு வழியே இல்லை.

இவ்வளவு வெப்பத்தை விழுங்கும் பிரேக்குக்கு டேஷ்போர்டில் ஒரு முள் கூட இல்லை. ஓ.பி.டி.யின் நூற்றுச் சொச்சம் கேள்விகளில் பிரேக் எவ்வளவு சூடு என்ற கேள்வி கிடையாது. புகையைக் கண்காணிக்கப் பிறந்த ஏற்பாட்டுக்கு அது தேவைப்படவில்லை. மலையகத்துக்கு மிகவும் வேண்டிய எண் எதுவோ, அதுதான் இல்லை.

பிரேக் சூடானால் இரண்டு விதமாகக் கைவிடும். உராயும் பட்டைகள் பிடிமானம் இழப்பது ஒன்று. பிரேக் ஒயில் கொதிப்பது மற்றது. பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டொட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் 140 தாங்கினால் போதும். வருடத்தின் பெரும்பகுதி மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் அந்த ஈரம் ஏறாமல் இருக்குமா? ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதித்த பெடல் சப்பென்று தரை வரை போகும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், பாடசாலை மாணவர்களை ஏற்றிய பஸ் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11 அன்று கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். கட்டுப்பாடு போன பிறகு திருத்திக்கொள்ள இடம் தராத சரிவு மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

ஆகவே இறக்கத்தில் பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. "மேடு ஏறுன கியர்லயே பள்ளம் இறங்கணும்" என்பது மலைப்பாதை டிரைவர்களின் பேச்சு. அதன் அறிவியல் மிகச் சரியானது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றத் தொடங்குகின்றன. பிஸ்டன்களின் உராய்வு, காற்றை உறிஞ்சித் தள்ளும் வேலை, பம்புகளின் இழுவை எல்லாம் வண்டியைப் பிடிக்கின்றன. அந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வெளியேறும்; இரண்டும் நாள் முழுவதும் வெப்பத்தைக் கழிக்கவே செய்யப்பட்டவை. சுற்று கூடக் கூடப் பிடி இறுகும். தாழ்ந்த கியரில் எஞ்சின் உறுமுவதைக் கேட்டுப் பயந்து கியரை ஏற்றிவிடுகிறவர்கள் பலர். சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்த உறுமலால் கெடுதல் இல்லை. டீசல் எஞ்சினின் பிடி இயல்பாகவே சற்று மெலிவு என்பதால் லொறிகளிலும் பஸ்களிலும் எக்ஸோஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். புகைக் குழாயை ஒரு தகட்டால் அடைத்து, எஞ்சினை மூச்சுத் திணற வைத்து வண்டியைப் பிடிக்கும் ஏற்பாடு அது.

டீசல் மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. கணினி வைத்த எஞ்சின், கியரில் இறங்கும்போது எரிபொருள் தெளிப்பதை முழுதாக நிறுத்திவிடும். சக்கரமே அதைச் சுற்றிக்கொண்டிருப்பதால் டீசல் தேவையில்லை. நியூட்ரலுக்கு மாற்றியதும், எஞ்சின் நின்றுவிடாமலிருக்க மீண்டும் தெளிக்கத் தொடங்கும். நியூட்ரலில் இறங்குகிறவர் பிரேக்கையும் எரிக்கிறார், டீசலையும் எரிக்கிறார். எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குகிறவர் நிலை இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும்.

இறக்கத்தில் நீரின் வெப்ப எண்ணைப் பார்த்துப் பயனில்லை. அது தானாகவே 80 பக்கம் இறங்கிவிடும். அது சொல்லும் நல்ல செய்தி பிரேக்கைப் பற்றியது அல்ல. பிரேக்கின் வெப்பத்தை ஓரளவாவது ஊகிக்க வேண்டுமென்றால், டயர் வால்வில் திருகும் அழுத்தமானிகள் உதவும். சக்கரம் சூடானால் டயருக்குள் இருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் ஏறும். நான்கில் ஒன்று மட்டும் தனியாக ஏறினால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இது தாமதமாக வரும் செய்தி. கருகிய வாடை அதற்கு முன்பே மூக்குக்கு வந்துவிடும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவது காலுக்கு முதலில் தெரியும். அதனால் இறக்கத்தில் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்வேன்.

வசந்த காலத்துக்கு மேலே வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புறப்படுமுன் ரேடியேட்டர் மூடியைச் சோதித்துவிடுங்கள். பிரேக் ஒயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். திரும்பும்போது, சரிவு தொடங்கிய பிறகல்ல, தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு வெடிக்கும்.